பழைய ட்யூபா வாங்கும் முன் ஊதிப் பார்ப்பது எப்படி?

பேண்டு செட்டைக் கலைக்கிறவர்கள் விற்கும் பழைய பி-ஃபிளாட் பேஸ் ட்யூபாவை (அடித்தள ஸ்வரம் ஊதும் பெரிய பித்தளை வாத்தியம்) எப்படிச் சோதித்து வாங்குவது என்பதுதான் இந்தப் பதிவு. ஓரளவு ஊதத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். உதடு வைக்கும் முறையெல்லாம் இதில் வராது.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: உங்கள் சொந்த மவுத்பீஸ் (உதடு வைத்து ஊதும் முனை), வால்வு ஆயில், பழந்துணி, சின்ன டார்ச், சுருதி ஆப் உள்ள போன். மவுத்பீஸ் கட்டாயம் உங்களுடையதாக இருக்கட்டும். மவுத்பீஸ், ட்யூபா இரண்டுமே பழகாததாக இருந்தால் குறை எதில் என்று பிரித்தறிய முடியாது. காலையிலேயே போய்விடுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

படி 1: கண்ணால் பார்ப்பது

பஃப் போட்டு (தேய்த்து மெருகேற்றி) மின்னுகிறதைவிடக் கறுத்துக் கிடக்கும் ட்யூபாவையே நான் விரும்புவேன். பஃப் போடப் போட பித்தளை தேய்ந்து மெலியும். பெல்லில் (அகன்ற வாய்ப்பகுதி) சின்னச் சின்ன ஒடுக்கு இருந்தால் நாதம் பெரிதாகக் கெடாது. மவுத்பீஸ் செருகும் குழாயில் ஒடுக்கு இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அந்தக் குழாயின்மேல் டார்ச் அடித்து நன்றாகப் பாருங்கள். இளஞ்சிவப்புப் புள்ளி, நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு என்று தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போய் உள்ளிருந்து உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: காற்றுக் கசிவு

முதல் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை (இழுத்து நீட்டும் வளைகுழாய்) மெதுவாக வெளியே இழுங்கள். சில நொடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லையென்றால் பிஸ்டனோ (வால்வுக்குள் ஏறி இறங்கும் உருளை) ஸ்லைடோ தேய்ந்திருக்கிறது. எண்ணெய் விடாமல் ஒருமுறை, விட்டு ஒருமுறை செய்து பாருங்கள். மற்ற வால்வுகளுக்கும் இதே முறைதான். பிஸ்டன்களைக் கழற்றினால் எண் பார்த்து அதே கூட்டில் போடுங்கள். இறுகிப்போன ஸ்லைடைக் குறடு போட்டு இழுக்காதீர்கள். அது ரிப்பேர்க்காரர் வேலை, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

படி 3: சுருதி

நிதானமாகச் செய்ய வேண்டியது இதுதான். பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை இன்றைய 440 சுருதியில் (ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு) வாசிக்கவில்லை. ஏறக்குறைய 452 என்ற உயர்ந்த சுருதியில் வாசித்தன. அந்தக் காலத்து பூசி, பெஸன் முத்திரை ட்யூபா கைக்கு வந்தால், அடிப்படை அளவிலேயே அது கிட்டத்தட்டக் கால் ஸ்வரம் (பக்கத்துக் கட்டைக்குப் பாதித் தூரம்) ஏறி நிற்கும். தனியாக ஊதினால் தெரியவே தெரியாது, அருமையாக இருக்கும். ட்ரம்பெட்டோடு சேர்ந்ததும் எல்லாம் இடிக்கும்.

கண்டுபிடிக்கும் வழி: ஐந்து நிமிடம் ஊதி ட்யூபாவைச் சூடாக்குங்கள். மெயின் ஸ்லைடை ஒரு விரல் அகலம் இழுத்து வையுங்கள். போனில் ஆறரைக் கட்டை (அதுதான் பி-ஃபிளாட்) சுருதி போட்டு, வால்வு எதையும் அழுத்தாமல் பி-ஃபிளாட்டை நீளமாகப் பிடியுங்கள். ஊசி காட்டும் ட்யூனரை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை. ஊசியைப் பார்த்தாலே உதடு தானாகச் சரிசெய்துவிடும், ட்யூபாவின் குணம் மறைந்துபோகும். சுருதியைக் கேட்டுக்கொண்டு உதட்டைத் தளர்வாக விட்டு ஊதுங்கள். ஸ்வரம் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தால் அது பழைய சுருதி ட்யூபாதான்.

வெயில் ஏறினாலும் சுருதி ஏறும். உள்ளிருக்கும் காற்று 10 டிகிரி சூடானால் கால் ஸ்வரத்தில் பாதிக்கு மேல் ஏறிவிடும். காலையில் வரச்சொன்னது அதனால்தான்.

இதைச் சரிசெய்ய முடியுமா? குழாயின் நீளம் சுமார் 5.5 மீட்டர். 440க்கு இறக்க 15 செ.மீ. கூட வேண்டும், ஸ்லைடுக்கு இரண்டு கால் என்பதால் 7, 8 செ.மீ. இழுக்க வேண்டிவரும். ஸ்லைடு அவ்வளவு நீளம் இல்லையென்றால் குழாய் ஒட்டுப்போட வேண்டும். முதல் வால்வு ஸ்லைடை ஒரு செ.மீ., மூன்றாவதை ஒன்றரை செ.மீ. அளவுக்கு இழுக்கவும் மறக்காதீர்கள்.

படி 4: ஊதிக் கேட்பது

கீழிருந்து மேலே ஒவ்வொரு ஸ்வரமாக, மெல்லமாகவும் பலமாகவும் ஊதுங்கள். ‘கிர்ர்’ என்று அதிர்ந்தால் குழாய்களைப் பிணைக்கும் கம்பிகளின் பற்றவைப்பை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள்; எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் விட்டிருக்கிறது, சின்ன வேலை. மூன்று வால்வு ட்யூபாவில் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஸ்வரம் ஏறித்தான் வரும். அது எல்லா மூன்று வால்வு ட்யூபாவுக்கும் உள்ள இயல்பு, அதற்காக வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: விற்பவருக்கே அது பி-ஃபிளாட்டா இ-ஃபிளாட்டா என்று தெரியவில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வால்வு அழுத்தாமல் ஊதி, ஆறரைக் கட்டையோடும் இரண்டரைக் கட்டையோடும் ஒப்பிடுங்கள். இரண்டரையில் அடங்கினால் இ-ஃபிளாட். ஒரு எச்சரிக்கை: வால்வில்லாமலேயே பி-ஃபிளாட் ஸ்வரம் இ-ஃபிளாட் ட்யூபாவிலும் வரும். ஆகவே எளிதாக வருகிற ஸ்வரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, ஐந்து ஸ்வரத் தூரத்துக்குப் பதில் முழு ஸ்தாயி தாண்டி விழுகிற இடம் எது என்று பாருங்கள். அங்கே கேட்பதுதான் அந்த ட்யூபாவின் சொந்த சுருதி.