விலா வலியா, கல்லடைப்பா? வீட்டிலிருந்து ஸ்கேன் வரை

ஆந்திராவில், தமிழக எல்லையை ஒட்டிய நகரி, புத்தூர் பக்கம் பவர்லூம் ஓட்டுகிறவர்கள் விலாவில் வலி வந்தால் முதலில் சொல்வது 'வாயுப் பிடிப்பு'. ஒரு கோலி சோடா, அப்புறம் தெருமுனை ஆர்.எம்.பி.யிடம் (டாக்டர் பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்ப்பவர்) ஓர் ஊசி. வலி போய்விடும், சிறுநீரகத்திலோ சிறுநீர்க் குழாயிலோ கல் இருந்தால் அது இருந்த இடத்தில்தான் இருக்கும். வேர்த்துக் கொட்டும் தறிக்கூடத்தில் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறவர்களுக்குக் கல் சேர வாய்ப்பு அதிகம்.

1. வலியின் போக்கைப் பாருங்கள். கல் வலி பெரும்பாலும் ஒரு பக்கம்தான். விலா எலும்புக்குக் கீழே முதுகில் தொடங்கி, அடிவயிறு, தொடை இடுக்கு என்று இறங்கும். கூடும், குறையும், திரும்ப வரும். கூடவே குமட்டல், வாந்தி. சுளுக்கு என்றால் அசையாமல் படுத்தால் கொஞ்சம் சுகம் கிடைக்கும். கல்லடைப்புக்காரருக்கு எப்படிப் படுத்தாலும் தாங்காது. கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். வலது அடிவயிற்றில் வலி, அசைந்தாலே உயிர் போகிறது என்றால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். 60 வயதைத் தாண்டியவருக்கு முதல்முறையாக இப்படி வலித்தால் கல் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வீங்கினாலும் இதே மாதிரி வலிக்கும்.

2. சிறுநீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு, டிகாஷன் நிறம் என்றால் ரத்தம் கலந்திருக்கலாம். (முந்தின நாள் பீட்ரூட் பொரியலா என்றும் யோசியுங்கள்.) தெளிவாக இருந்தால் கல் இல்லை என்று அர்த்தமில்லை.

3. இவை இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீரே வராமல் போவது, நிற்காத வாந்தி, கர்ப்பம், ஒற்றைச் சிறுநீரகம். அடைப்புக்குப் பின்னால் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

4. பரிசோதனை. சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு), வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு போங்கள். நீர்ப்பை நிறைந்திருந்தால்தான் சிறுநீரகத்திலிருந்து அதற்கு வரும் குழாயின் கடைசியில் நிற்கும் கல் சரியாகத் தெரியும். யூரிக் அமிலக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது. சந்தேகம் தீராவிட்டால் சி.டி. ஸ்கேன் எழுதுவார்கள், மிகத் துல்லியம் அதுதான். கர்ப்பமாக இருக்கலாம் என்று தோன்றினால் எக்ஸ்ரே, சி.டி. இரண்டுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

5. ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது? கல் எத்தனை மில்லிமீட்டர், எங்கே நிற்கிறது. 5-க்குள் என்றால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். 10-ஐத் தாண்டினால் அது அபூர்வம். 'ஹைட்ரோநெப்ரோசிஸ்' என்று இருந்தால் சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. டாக்டரிடம் அதைத் தவறாமல் கேளுங்கள்.

6. கல்லைப் பிடியுங்கள். பழைய டீ வடிகட்டியில் சிறுநீர் கழித்தால் மணல் பருக்கை மாதிரி சிக்கும். காயவைத்து டாக்டரிடம் கொடுங்கள். எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் உணவில் எதைக் குறைப்பது என்று சொல்ல முடியும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஸ்கேனுக்குப் பதில் அது ஆகாது.

வலி நின்றாலும் மறு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். குழாயில் அடைத்து நிற்கும் கல் சில சமயம் வலியே இல்லாமல் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.