வியாபாரம் படுத்தால் முதலில் கடன் நோட்டை எடுங்கள்

என் செருப்புக் கடையில் மூன்று மாதம் தொடர்ந்து விற்பனை படுத்தபோது நான் செய்த பெரிய தவறு, சரக்கு கொடுத்தவர்களின் போனை எடுக்காமல் இருந்ததுதான். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிக்கொண்டேன். அது தவக்குல், அதாவது அல்லாஹ் மீது வைக்கும் நம்பிக்கை அல்ல, பயம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்னார்கள் நபி (ஸல்). கட்டுவது நம் வேலை.

அதனால் எழுதுங்கள். குர்ஆனிலேயே நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதச் சலிக்க வேண்டாம் என்கிறது. அதிகாலைத் தொழுகையான ஃபஜ்ர் தொழுதுவிட்டு, கடை திறக்கும் முன் உட்காருங்கள். ஒரு பக்கம் நாம் தர வேண்டியது, எதிர்ப்பக்கம் நமக்கு வர வேண்டியது. பெயர், தொகை, சொன்ன தேதி மூன்றும் வேண்டும். சொந்தக்காரருக்கு வாய்வார்த்தையில் கொடுத்ததையும் விடாதீர்கள். நான் விட்டது அதைத்தான். எழுதிக் கூட்டியபோதுதான் என் பணம் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று தெரிந்தது.

அன்றே சரக்குக்காரரை நீங்களாகவே கூப்பிடுங்கள். எவ்வளவு முடியும், எப்போது முடியும் என்பதைச் சொல்லுங்கள். வாய்தா வாங்குவதற்காக ஒரு தேதியைச் சொல்லாதீர்கள். கையில் இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி. நான் சின்னப் பாக்கிகளை முதலில் அடைத்தேன். சின்ன வியாபாரிக்குத்தான் அந்தப் பணம் அவசரம்.

நமக்குத் தர வேண்டியவர்களில் முடியாதவரையும் தர மனமில்லாதவரையும் பிரித்துப் பாருங்கள். முடியாதவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது 2:280. விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது. தர மனமில்லாதவரிடம் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

தேங்கிய சரக்கை விலை குறைத்துத் தள்ளலாம். ஆனால் பசை விட்டிருந்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

நஷ்ட வருடத்தில் ஸகாத் என்ற கட்டாய தர்மம் கிடையாது என்று நினைப்பவர்கள் அதிகம். கணக்கு லாபத்தின் மீது அல்ல, இருப்பின் மீது. சந்திர ஆண்டு முடியும் நாளில் விற்பனைச் சரக்கை அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, கையிருப்பைச் சேர்த்து, ஸகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவான நிஸாபை எட்டினால் 2.5 சதவீதம். கடனைக் கழிக்கும் முறையை மார்க்கம் படித்த ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடைக்கவே வழியில்லாத கடனாளி ஸகாத் பெறும் எட்டு வகையினரில் ஒருவர் (9:60). அந்த நிலை வந்தால் கேட்க வெட்கப்படாதீர்கள். அது அல்லாஹ் ஒதுக்கிய பங்கு.

வெள்ளி மதியத் தொழுகையான ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விடச் சொல்லும் குர்ஆன் அத்தியாயம், தொழுகை முடிந்ததும் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடவும் சொல்கிறது (62:9, 10). வெள்ளி மதியத்தை நான் வசூலுக்கென்று வைத்திருக்கிறேன். பள்ளிவாசலுக்குப் போகும்போதே நோட்டு பையில் இருக்கும்.