ஆர்எக்ஸ் 100-க்குப் புது டயர்: மாட்டுவதும், மாட்டிய பின் வரும் ஆட்டத்தைத் தீர்ப்பதும்

பழைய வண்டிக்குப் புது டயர் போட்ட கையோடு, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, இப்ப ஏன் ஆடுது?" என்று கேட்பவர்கள் நிறைய. பழியெல்லாம் டயர் மேல் விழும். ஆனால் பெரும்பாலும் குற்றம் டயரிடம் இருக்காது. நடுவில் தேய்ந்து தட்டையாகிப்போன பழைய டயரோடு நாம் பழகியிருப்போம். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட் தளர்ந்ததும், பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மின் புஷ் தேய்ந்ததும் அந்தப் பழக்கத்தில் மறைந்திருக்கும். உருண்டையான புது டயர் ஏறியதும் அதெல்லாம் ஹேண்டில்பாருக்கு வந்துவிடும். அதனால் டயர் மாற்றும் நாளில், சக்கரம் கையில் இருக்கும்போதே, அதைச் சுற்றியுள்ளவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

என்னிடம் இருப்பது 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். இந்த வண்டி 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோனது. எனவே இன்று ஓடும் எந்த ஆர்எக்ஸும் கால் நூற்றாண்டைத் தாண்டியதுதான். இதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு நட்டிலும் கை வைக்க வேண்டும்.

முதலில் அளவு. கம்பெனி கொடுத்தது முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18 (முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில்). பல கடைகளில் 2.50 இருக்காது, "2.75 போட்டுக்கங்க சார், ஸ்பிளெண்டருக்கு வர்ற சைஸ்தான்" என்பார்கள். முன்னால் 2.75 போடலாம், தவறில்லை. இந்த அங்குல அளவு டயர்களில் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கால் அங்குலம் கூடினால் அகலத்தில் சுமார் 6 மில்லிமீட்டர், தரையிலிருந்து ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) உயரத்திலும் அதே அளவு கூடும். ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து ஓடுவதால் முள் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் 3.00-18 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு தம்பி, பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று பின்னால் 100/90-18 (100 மில்லிமீட்டர் அகலம்) போட்டுக்கொண்டு வந்தார். ஆர்எக்ஸின் ரிம் ஒல்லியானது. அதில் அகல டயரை ஏற்றினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுக்கப்பட்டு, டயரின் முகம் கூம்பி எழும். வளைவில் சாயும்போது ரப்பர் தரையில் உட்கார வேண்டிய விதத்தில் உட்காராது. போதாததற்குச் செயின் பக்கம் உரசல் வேறு. அகலமான டயர் பிடிப்பைக் கூட்டும் என்ற எண்ணம் ரிம்மும் அதற்கேற்ற அகலத்தில் இருந்தால் மட்டுமே சரி. அவரிடம் மீண்டும் 2.75 போடச் சொன்னேன். போட்டார், வண்டி வளைவில் திரும்பிய விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 1424 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் செய்தது. பல வருடம் கிடங்கில் கிடந்த டயரைத் தள்ளுபடிக்குத் தந்தாலும் எடுக்காதீர்கள். டியூபும் ரிம் டேப்பும் புதிதாகவே வாங்குங்கள். ஓடி விரிந்த பழைய டியூபை புது டயருக்குள் வைத்தால் மடிப்பு விழும், அந்த மடிப்பு ஒரு நாள் கிழியும்.

இனி வேலை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தில் பிரேக் ராடு நட்டையும் பிரேக் பிளேட் சுழலாமல் பிடித்திருக்கும் டார்க் ராடின் போல்ட்டையும் கழற்றி, ஆக்சிலை உருவுங்கள். எந்தப் பக்கம் எந்த காலர் (ஆக்சிலில் கோத்திருக்கும் இடைவெளிக் குழாய்) இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. சக்கரம் வெளியே இருக்கும்போது டிரம் ரப்பரை (செயின் இழுக்கும் உதறலைத் தாங்கும் ரப்பர்) அழுத்திப் பாருங்கள், பொடிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பேரிங்கில் விரலை விட்டுச் சுழற்றுங்கள். கரகரப்பு தட்டுப்பட்டால் அதையும் இன்றே மாற்றுங்கள்.

வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்கி, டயரின் ஓரத்தை இரண்டு பக்கமும் காலால் மிதித்து ரிம்மிலிருந்து விடுவியுங்கள். டயர் கழற்றுவதிலும் மாட்டுவதிலும் உள்ள சூட்சுமம் ஒன்றுதான். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் டயரின் ஓரம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். அங்கே முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டால் இந்தப் பக்கம் தேவையான தளர்வு கிடைத்துவிடும். லீவரை முழு பலத்தோடு நெம்ப வேண்டியிருக்கிறது என்றால், எதிர்ப்புறம் பள்ளத்தில் இல்லை என்று பொருள். நெம்புவதை நிறுத்திவிட்டு அங்கே போய் மிதியுங்கள். கழற்றும்போது வால்வு பக்கம் தொடங்குங்கள், மாட்டும்போது வால்வு பக்கம் முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் டியூப் அடைத்துக்கொண்டு ஓரத்தைப் பள்ளத்தில் இறங்கவிடாது என்பதுதான் காரணம்.

ரிம் வெறுமையாக இருக்கும்போது உள்ளே பாருங்கள். குரோம் ரிம்தான், ஆனாலும் உள்பக்கம் துரு பிடித்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு கை பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். போக்ஸ் கம்பியின் முனை நிப்பிளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் ராவிவிடுங்கள். புது டியூப் காரணமில்லாமல் திரும்பத் திரும்ப உள்பக்கமாகப் பஞ்சர் ஆகிறதென்றால் இதுதான் காரணமாக இருக்கும்.

டியூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, டால்கம் பவுடர் தூவி உள்ளே வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சுழலும் திசையைப் பாருங்கள். சோப்புத் தண்ணீரை ஓரத்தில் தாராளமாகத் தடவுங்கள். கடைசி ஒரு சாண் வரும்போது லீவருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் மாட்டாமல் இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தவரை கையாலேயே தள்ளுங்கள். மறுநாள் காலையில் காற்று இறங்கியிருந்து, டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் தெரிந்தால் அது லீவர் கடித்தது. ஆணியைத் தேடி அலைய வேண்டாம்.

வால்வின் அடியில் வரும் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல், மேலே மூடிப் பக்கம் ஏற்றி விடுங்கள். டயர் ரிம்மில் நழுவினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். நட்டை இறுக்கி வைத்தால் அந்த அறிகுறி தெரியாமலேயே வால்வு அடியோடு கிழிந்துவிடும்.

சரி, மாட்டியாகிவிட்டது. இப்போது கோளாறுகள்.

வண்டி குறைந்த வேகத்திலேயே மேலும் கீழுமாகத் துள்ளுகிறதா? டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அந்தக் கோடு எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே முழுகியிருந்தால் டயர் உட்காரவில்லை. காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் விட்டு, 40 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். பட்டென்ற சத்தத்தோடு உட்காரும். டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். உட்கார்ந்ததும் ஓட்டும் அளவுக்கு இறக்குங்கள். நான் முன்னால் 25, பின்னால் 28 வைக்கிறேன். பின்னால் ஆள் ஏறினால் 32.

கோடு சரியாக இருந்தும் சக்கரம் இட வலமாக ஆடினால் ரிம்மில் கோட்டம். ஃபோர்க்கில் ஒரு சாக்பீஸைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள், உரசும் இடம் தெரியும். போக்ஸ் இறுக்கிக் கோட்டம் எடுப்பது பழகிய கைக்குரிய வேலை. அதை மட்டும் நான் கடைக்குக் கொண்டுபோய்விடுவேன்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பின் சக்கரம் நேராக இல்லை. சுவிங் ஆர்மில் உள்ள கோடுகளை முப்பது வருட வண்டியில் முழுதாக நம்பாதீர்கள். ஒரு நீள நூலைப் பின் டயரின் பின்பக்கம் சுற்றி, இரண்டு பக்கமும் டயரைத் தொட்டபடி முன் சக்கரம் வரை இழுத்துப் பிடியுங்கள். முன்னால் 2.50 இருந்தால் நூலுக்கும் முன் டயருக்கும் நடுவே இரு பக்கமும் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி வரும். இரண்டும் சமமாகும் வரை செயின் அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். அப்புறம் செயின் தொய்வு ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கட்டும். ஆக்சிலை இறுக்கும்போது பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே இறுக்கினால் பிரேக் ஷூ நடுவில் நின்று, பிரேக் சீராகப் பிடிக்கும்.

இறுக்கியதும் சக்கரம் சுற்றவே மறுத்தால் காலர் இடம் மாறியிருக்கிறது. சுத்தியலை எடுக்காமல் நீங்கள் எடுத்த படத்தைப் பாருங்கள்.

முன் சக்கரத்தில் இரண்டு இடம். ஸ்பீடோமீட்டர் முள் அசையாவிட்டால் மீட்டர் கியரின் காது ஹப்பில் உள்ள பள்ளத்தில் உட்காரவில்லை. இது சிறிய தொல்லைதான். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. பிரேக் பிளேட்டில் உள்ள வெட்டு, ஃபோர்க் காலில் துருத்தி நிற்கும் முண்டில் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது பிளேட்டும் சேர்ந்து சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் டார்க் ராடும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதன் போல்ட்டில் ஸ்பிலிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் பிளவு ஊசி) இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, வேகம் குறையும்போது ஹேண்டில்பார் மட்டும் படபடவென்று அடித்தால் கோன் செட்டுக்கு வாருங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்றால் தளர்வு, இறுக்கிப் பாருங்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் இருந்தால் இறுக்கிப் பயனில்லை, செட்டையே மாற்ற வேண்டும். அதேபோல் பின் சக்கரத்தை இட வலமாக ஆட்டி, சுவிங் ஆர்ம் அசைந்தால் புஷ் போயிருக்கிறது. சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் இவை கிடைக்கும். கோன் செட் வாங்கும்போது பந்துகளின் ஓடுபாதை மழமழவென்று இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக்கும் ஆழமான சாய்வும் வேண்டாம், மழை நாளில் இன்னும் கவனம். அந்த தூரம் ஓடியதும் ஆக்சில் நட்டு, செயின் தொய்வு, போக்ஸ் கம்பிகள், வால்வின் சாய்வு ஆகியவற்றை மறுபடி பாருங்கள். காற்றின் அளவைக் காலையில், வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.