பிரசவ வலிக்கு கேஸ்: புதிதாக வந்தவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் செக்கப்புக்குப் போகும்போது, பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் ஒரு நாள் “வலிக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று யோசித்தீர்களா?” என்று கேட்பார். வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் சிரித்துக்கொண்டே “நீங்களே பார்த்துச் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். இங்கெல்லாம் அதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான், நீங்கள் சொல்வதைத்தான் ஃபைலில் எழுதுவார்கள். அவர் சொல்லும் பட்டியலில் பெரும்பாலும் முதலில் வருவது நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதை ‘கேஸ் அண்ட் ஏர்’ என்பார்கள், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வெறும் ‘கேஸ்’, அமெரிக்காவில் ‘நைட்ரஸ்’, சுவீடனில் ‘லுஸ்ட்காஸ்’. எல்லாம் ஒன்றுதான். பிரிட்டனில் ‘என்டனாக்ஸ்’ என்ற பெயரும் காதில் விழும், அது இந்தக் கலவையின் பிராண்ட் பெயர்.

பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன், இதுதான் கலவை. ஆஸ்திரேலியாவில் பல இடங்களில் இந்த விகிதத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி இருக்கும். மருத்துவமனையில் சுவரிலிருந்து ஒரு குழாய் வரும், அதன் நுனியில் வாயில் வைத்துக்கொள்ளும் மவுத்பீஸோ முகத்தில் வைக்கும் மாஸ்க்கோ இருக்கும். ஊசி இல்லை, மயக்க மருந்து டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம், கேட்ட உடனே கையில் கொடுத்துவிடுவார்கள். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது வலியை நிறுத்தாது. முழுசாக வலி தெரியக்கூடாது என்றால் அதற்கு முதுகில் ஊசி போட்டு மருந்து கொடுக்கும் எபிடூரல்தான். கேஸ் வலியின் கூர்மையை மழுக்கும், வலிக்கும் உங்களுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வைக்கும், அவ்வளவுதான். சிலருக்கு அந்த இடைவெளி போதும், சிலருக்குப் போதாது.

குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்பதுதான் எல்லோருக்கும் முதல் பயம், முக்கியமாக ஊரிலிருந்து போனில் பேசும் பெரியவர்களுக்கு. இந்த வாயு தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகத்தான் செய்யும். ஆனால் போன வேகத்தில் வெளியேறிவிடும், பிறந்த குழந்தை மூச்சுவிட ஆரம்பித்ததும் நுரையீரல் வழியாகவே போய்விடும். தாய்ப்பால் கொடுப்பதற்கும் தடையில்லை, பிரசவம் நடக்கும் வேகத்தையும் இது குறைக்காது. “ஆக்சிஜன் குறைந்துவிடாதா” என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. 1930களில் லிவர்பூலில் ராபர்ட் மின்னிட் என்ற டாக்டர், பிரசவத்தில் தாயே பிடித்துக்கொண்டு சுவாசிக்கக்கூடிய ஒரு கருவியை உருவாக்கினார். அது நைட்ரஸ் ஆக்சைடைச் சாதாரணக் காற்றோடு கலந்து கொடுத்தது. காற்றில் ஆக்சிஜன் இருப்பதே 21 சதவீதம், அதோடு பாதிக்குப் பாதி வேறு வாயுவைக் கலந்தால் மிஞ்சுவது பத்துச் சதவீதம் சொச்சம். அன்று அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. 1961இல் மைக்கேல் டன்ஸ்டால் என்பவர் நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் சரிபாதியாக ஒரே சிலிண்டரில் அடைக்க முடியும் என்று காட்டினார், 1965இலிருந்து பிரிட்டனில் மிட்வைஃப்கள் டாக்டர் இல்லாமலே அதைக் கொடுக்க அனுமதி வந்தது. இந்தச் சரிபாதிக் கலவையை நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அறைக்காற்றில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆக்சிஜன் இருக்கிறது. பெரியவர்களுக்குப் போனில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். கேஸ் வேலை செய்வதும் செய்யாததும் நீங்கள் அதை எப்போது இழுக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. “கேஸ் எனக்குப் பிரயோஜனமே இல்லை” என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் விசாரித்தால், வலி உச்சிக்கு ஏறிய பிறகுதான் குழாயைத் தேடியிருப்பார்கள். கணக்கு எளிது. இழுக்க ஆரம்பித்து அரை நிமிடம் போல ஆனால்தான் ஏதோ மாறுவது தெரியும், முழுப் பலன் தெரிய ஒரு நிமிடம் வரைகூட ஆகலாம். பிரசவம் சூடுபிடித்த பிறகு ஒரு வலி இருப்பதே முக்கால் நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம்தான், அதன் உச்சம் நடுவில் வரும். ஆக வலி உயிர்போகிற மாதிரி ஆனதும் இழுக்க ஆரம்பித்தால், வலி இறங்கிப் போன பிறகு உங்களுக்குத் தலைசுற்றல் மட்டும் வந்து சேரும், “இதற்காகவா இத்தனை பாடு” என்று குழாயைத் தூக்கி எறியத் தோன்றும். வயிறு இறுக ஆரம்பிக்கிற அந்த முதல் நொடியிலேயே, இன்னும் வலியே தெரியாத கட்டத்திலேயே, மவுத்பீஸ் வாயில் இருக்க வேண்டும்.

இதில் கூட இருப்பவர் நன்றாக உதவலாம். வயிற்றில் பெல்ட் கட்டி மானிட்டர் போட்டிருந்தால், அதில் வயிற்று இறுக்கத்தைக் காட்டும் எண் நீங்கள் வலியை உணரும் முன்பே மெல்ல ஏற ஆரம்பிக்கும். உங்கள் வீட்டுக்காரரோ அக்காவோ அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்து “வருது, ஆரம்பி” என்று சொல்லலாம். மானிட்டர் இல்லையென்றால் வயிற்றின் மேல்பக்கத்தில் கையை லேசாக வைத்திருந்தாலே இறுகுவது தெரியும். வலிகள் சீரான இடைவெளியில் வந்தால் கடிகாரமே போதும், அடுத்தது வர வேண்டிய நேரத்துக்கு அரை நிமிடம் முன்னாலேயே தொடங்கிவிடலாம்.

மூச்சை மெதுவாக, ஆழமாக, சாதாரண வேகத்தில் இழுத்து விடுங்கள். இழுக்கும்போதுதான் வால்வு திறக்கும், ஒரு ‘கடக்’ சத்தமோ உஸ்ஸென்ற சத்தமோ கேட்கும். சத்தமே வரவில்லையென்றால் கேஸ் வரவில்லை என்று அர்த்தம், உதட்டை இன்னும் இறுக்கி மூடி மறுபடி இழுங்கள். பதற்றத்தில் நாய் இளைப்பதுபோல் வேக வேகமாக மூச்சு வாங்கினால் விரல்களும் உதடும் மரத்துப்போகும், தலை சுற்றும், பயம் இன்னும் கூடும். வலி இறங்கத் தொடங்கியதும் குழாயை எடுத்துவிட்டு அறைக்காற்றைச் சுவாசியுங்கள். இடைவெளியிலும் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் தூக்கமும் குமட்டலும்தான் கூடும். முதல் இரண்டு மூன்று வலிகள் பழக்கத்துக்கே போய்விடும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மாஸ்க்கா மவுத்பீஸா என்று கேட்டால், என் ஓட்டு மவுத்பீஸுக்குத்தான். மாஸ்க் மூச்சை அடைப்பதுபோல இருக்கும், ரப்பர் வாடை வேறு. மவுத்பீஸைப் பல்லால் கடித்துக்கொள்ளவும் செய்யலாம், அதுவே ஒரு ஆறுதல். ஆனால் மூக்கு வழியாக மூச்சு இழுக்கும் பழக்கம் விடவே இல்லையென்றால் மாஸ்க்தான் சரிப்படும்.

எதுவாக இருந்தாலும் அதை நீங்கள்தான் பிடித்திருக்க வேண்டும், வேறு யாரும் இல்லை. இது சும்மா சொல்கிற விதி கிடையாது, பாதுகாப்பே இதில்தான் இருக்கிறது. அளவு மீறித் தூக்கம் வந்தால் கை தானாகத் தளரும், குழாய் விழும், கேஸ் நின்றுவிடும், ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடுவீர்கள். பக்கத்தில் இருக்கும் அம்மா பாசத்தில் “பிள்ளை கஷ்டப்படுதே” என்று மாஸ்க்கை முகத்தில் அழுத்திப் பிடித்தால் அந்தத் தடுப்பு போய்விடும். யார் கூட வரப்போகிறார்களோ அவர்களிடம் இதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது: வாய் பயங்கரமாக வறண்டுபோகும், ஒவ்வொரு வலிக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம். உதட்டுக்கு எதையாவது தடவுவதென்றால் வாசலின் மாதிரி எண்ணெய்ப்பசை உள்ளது வேண்டாம், ஆக்சிஜன் செறிவாக வரும் இடத்தில் அது ஆகாது, தண்ணீரை அடிப்படையாகக் கொண்டதை வாங்கி வையுங்கள்.

எப்படி இருக்கும் என்று கேட்டால், ஆளுக்கு ஆள் மாறும். மிதப்பது போல, மற்றவர் குரல் எங்கோ தூரத்திலிருந்து கேட்பது போல, சிலருக்குச் சம்பந்தமே இல்லாமல் சிரிப்பு, சிலருக்கு அழுகை. வலி இருக்கிறது என்று தெரியும், ஆனால் அதைப் பற்றி அவ்வளவு கவலை இருக்காது. குமட்டலும் வாந்தியும் வரலாம், அதற்குத் தனியாக மருந்து தருவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். பிடிக்கவில்லையா, குழாயைக் கீழே வையுங்கள், சில நிமிடங்களில் உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. மற்ற வலி மருந்துகளில் இவ்வளவு சுலபமாகப் பின்வாங்க முடியாது. நிற்கலாம், நடக்கலாம், பந்தில் உட்காரலாம், தண்ணீர்த் தொட்டிப் பிரசவத்திலும் இழுக்கலாம். முக்கும் கட்டம் வந்ததும் பல மிட்வைஃப்கள் குழாயை ஓரமாக வைக்கச் சொல்வார்கள், கவனம் முக்குவதில் இருக்கட்டும் என்று. சிலர் விட்டுவிடுவார்கள்.

எல்லோருக்கும் இது சரிவராது. நுரையீரல் சுருங்கி நெஞ்சுக்குள் காற்று தேங்கியவர்கள், குடல் அடைப்பு உள்ளவர்கள், சமீபத்தில் கண்ணில் வாயு வைத்து அறுவைச் சிகிச்சையோ காதில் அறுவைச் சிகிச்சையோ செய்துகொண்டவர்கள் இதை எடுக்கக் கூடாது. நைட்ரஸ் ஆக்சைடு உடம்புக்குள் காற்று அடைபட்ட இடங்களில் புகுந்து அதைப் பெரிதாக்கும் என்பதுதான் காரணம். நம்மில் பலருக்குப் பொருந்தக்கூடிய இன்னொரு விஷயம் வைட்டமின் பி12. இந்த வாயு உடம்பிலுள்ள பி12ஐச் செயலிழக்கச் செய்யும். சத்து போதுமான அளவு இருப்பவர்களுக்குப் பிரசவ நேரப் பயன்பாட்டால் பிரச்சினை வராது, ஆனால் கடுமையான பி12 குறைபாடு ஏற்கெனவே இருந்தால் நரம்புகள் பாதிக்கப்படலாம். இறைச்சி, மீன், முட்டை எதுவும் தொடாதவர்கள், நீண்ட நாள் ரத்தசோகை உள்ளவர்கள், பி12 ஊசி போட்டுக்கொள்பவர்கள் இதை முன்கூட்டியே மிட்வைஃபிடம் சொல்லிவிடுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குறை இருந்தால் பிரசவத்துக்கு முன்பே சரிசெய்ய நேரம் இருக்கும். பெத்தடின் போன்ற வலி குறைக்கும் ஊசி போட்டிருந்தால் கேஸோடு சேர்ந்து தூக்கம் கூடுதலாக வரும், கூடுதல் கவனிப்பு வேண்டும்.

மொழி பற்றி யாரும் சொல்வதில்லை. கேஸ் தலைக்கு ஏறியிருக்கும் நேரத்தில் ஆங்கிலமோ சுவீடிஷோ வாயில் வராது, எவ்வளவு நன்றாகப் பேசுபவராக இருந்தாலும். டாக்டர் வந்து கருவி வைத்துக் குழந்தையை எடுப்பதா சிசேரியனா என்று விளக்கும்போது குழாயைக் கீழே வைத்துவிட்டு இரண்டு வலிக்கு நடுவில் கேளுங்கள், “கொஞ்சம் பொறுங்கள், தெளியட்டும்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டியதையும் வேண்டாததையும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் கடைசி நிமிடத்தில் இல்லாமல் செக்கப் சமயத்திலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள், பிரிட்டனின் என்எச்எஸ் எனும் அரசு மருத்துவமனைகளில் அதற்குக் காசு கிடையாது.

உங்கள் மருத்துவமனையில் கேஸ் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் இது சமீப காலத்தில்தான் மெல்லப் பரவுகிறது, எல்லா இடத்திலும் கிடைக்காது. பிரிட்டனில் எங்கும் உண்டு என்று நினைத்திருந்த காலத்தில், 2022-23 வாக்கில், இங்கிலாந்தின் சில மருத்துவமனைகள் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தன. காரணம், காற்றோட்டம் சரியில்லாத அறைகளில் நாள் முழுக்க வேலை செய்யும் மிட்வைஃப்கள் அதிகமாகச் சுவாசித்துவிடுகிறார்கள் என்பது, தாய்மார்களுக்கு ஆபத்து என்பது அல்ல. அதனால்தான் மூச்சை வெளியே விடும்போதும் குழாய்க்குள்ளேயே விடச் சொல்கிறார்கள், பல இடங்களில் அது உறிஞ்சப்பட்டு வெளியே போய்விடும். அதே பிரிட்டனில் 2023 நவம்பரிலிருந்து போதைக்காகச் சிரிப்பு வாயு வைத்திருப்பது குற்றம். செய்தியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், மருத்துவப் பயன்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டுப் பிரசவம் என்றால் சிலிண்டர் வரும். அதைக் குளிரில் விடக் கூடாது, சுமார் மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே இரண்டு வாயுவும் பிரிந்துவிடும். பிறகு முதலில் ஆக்சிஜன் அதிகமாகவும் கடைசியில் நைட்ரஸ் ஆக்சைடு ஆபத்தான அளவிலும் வரும். முன்கூட்டியே கொண்டுவந்து வைத்தால் கதகதப்பான அறையில் வையுங்கள், காரிலோ வெளிக்கொட்டகையிலோ வேண்டாம். அந்த அறையில் சிகரெட், மெழுகுவர்த்தி எதுவும் கூடாது, இந்தக் கலவையில் நெருப்பு பிடித்தால் வேகமாகப் பரவும்.

கேஸ் எடுத்தால் எபிடூரல் கேட்க முடியாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கலாம். மயக்க மருந்து டாக்டர் வேறு அறையில் மாட்டிக்கொண்டு வரத் தாமதமானால் அதுவரை ஓட்டுவதற்கும், ஊசி போடும்போது அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கும் கேஸ்தான் கைகொடுக்கும். அப்புறம், குழந்தை பிறந்ததும் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதில்லை. தையல் போடுவதற்கு முன் அந்த இடம் மரத்துப்போக ஊசி போடுவார்கள், அந்த ஊசியே சுருக்கென்று இருக்கும். எபிடூரல் இல்லையென்றால் அந்த நேரத்தில் “கேஸ் வேண்டும்” என்று கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். குழந்தையை அதுவரை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ளட்டும்.