'கெட்' வினைச்சொல்: பட்டியலை மூடிவிட்டு அடுத்த சொல்லைப் பாருங்கள்

ஆங்கில அகராதியில் 'கெட்' என்ற சொல்லைத் தேடினால் பொருள்கள் முடிவில்லாமல் நீளும். பெறு, வாங்கு, எடுத்து வா, போய்ச் சேர், புரிந்துகொள், ஆகு, ஆளை வைத்துச் செய்... மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் பத்தாவது பொருளுக்கு வருவதற்குள் முதலாவது மறந்திருக்கும். அதெல்லாம் வேண்டாம். 'கெட்' பக்கத்தில் என்ன மாதிரிச் சொல் நிற்கிறது என்று பாருங்கள், முக்கால்வாசி பொருள் அதிலேயே தெரிந்துவிடும். இறந்தகாலம் 'காட்' என்பது தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: அடுத்து வருவது பெயர்ச்சொல்லா?

'ஐ காட் எ லெட்டர்', 'ஐ காட் எ ஜாப்', 'ஐ காட் எ ஃபீவர்', 'ஐ காட் தி ஜோக்'. இவற்றைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எனக்குக் கடிதம் வந்தது, எனக்கு வேலை கிடைத்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது, எனக்கு அந்த ஜோக் புரிந்தது. எல்லாவற்றிலும் 'எனக்கு' இருக்கிறது. தமிழில் கடிதமும் காய்ச்சலும்தான் எழுவாய், நாம் நான்காம் வேற்றுமையில் சும்மா இருக்கிறோம். ஆங்கிலத்தில் நாமே எழுவாய். ஆகவே மனதில் 'எனக்கு... வந்தது', 'எனக்கு... கிடைத்தது' என்று ஓடினால் 'ஐ காட்' போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

ஆனால் புதிதாக நடந்த விஷயத்துக்குத்தான் இது. 'எனக்குத் தமிழ் தெரியும்' என்பதற்கு 'ஐ நோ டமில்' தான்.

படி 2: அடுத்து பெயரடையா?

அப்படியானால் மாற்றம். 'இட் ஈஸ் டார்க்' என்றால் இருட்டாக இருக்கிறது, 'இட் ஈஸ் கெட்டிங் டார்க்' என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. 'ஐ ஆம் மேரீட்' நிலையைச் சொல்கிறது, 'ஐ காட் மேரீட்' நடந்த நிகழ்ச்சியை. எப்போது கல்யாணம் ஆனது என்று கேட்டால் 'ஐ காட் மேரீட் இன் 2015' என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே 'ஐ ஆம் மேரீட்' வராது. இன்னொன்று: 'அவரோடு கல்யாணம்' என்று நினைத்து 'மேரீட் வித்' போடாதீர்கள், 'மேரீட் டு' தான். 'காட் ஹர்ட்' (அடிபட்டது), 'காட் ஃபயர்ட்' (வேலை போயிற்று) எல்லாம் இதே குடும்பம்.

படி 3: அடுத்து இடமா?

போய்ச் சேர்வது. 'கெட் டு தி ஸ்டேஷன்' என்பதில் 'டு' உண்டு. 'கெட் ஹோம்', 'கெட் ஹியர்', 'கெட் தேர்' மூன்றிலும் கிடையாது. உள்ளே நின்று நடக்க இடமிருக்கும் பஸ், ரயில், விமானம் என்றால் ஏறுவது 'கெட் ஆன்', இறங்குவது 'கெட் ஆஃப்'. கார், டாக்ஸி என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. சைக்கிளுக்கும் 'ஆன்' தான், மேலே ஏறி உட்கார்கிறோம் அல்லவா.

படி 4: பொருள் முன்னால், வேலை பின்னால்

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம். தமிழில் 'முடி வெட்டினேன்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். வெட்டியவர் வேறொருவர் என்பது கேட்பவருக்குத் தெரியும். அதையே 'ஐ கட் மை ஹேர்' என்று சொன்னால், நீங்களே கத்தரி எடுத்து வெட்டிக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். முடியாவது பரவாயில்லை. 'பல் பிடுங்கினேன்' என்பதை 'ஐ புல்ட் அவுட் மை டூத்' என்று சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள்.

வேலையைச் செய்தது வேறு ஆள் என்றால் 'காட்' போடுங்கள், அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ காட் மை ஹேர் கட்', 'ஐ காட் எ டூத் புல்ட்', 'ஐ காட் தி ஹவுஸ் பெயின்டட்'. 'மை ஹேர் கட்', அதாவது முடி, அப்புறம் வெட்டு: இது நம் தமிழ் வரிசையேதான். அதை மாற்றி 'காட் கட் மை ஹேர்' என்று எழுதினால் வாக்கியமே உடைந்துவிடும். 'காட்' இருக்கும் இடத்தில் 'ஹேட்' போட்டாலும் அதே பொருள்தான். பேச்சுக்கு 'காட்', அலுவலகக் கடிதத்துக்கு 'ஹேட்' என்பது என் பழக்கம்.

செய்த ஆளையும் சொல்ல வேண்டுமா? 'ஐ காட் ஹிம் டு சைன்'. கையெழுத்துப் போட வைத்தேன். 'ஐ மேட் ஹிம் சைன்' என்றாலும் தமிழில் 'வைத்தேன்' தான், ஆனால் அதில் கட்டாயம் தொனிக்கும்; 'காட்' என்றால் பேசிச் சம்மதிக்க வைத்தது. 'காட்' வந்தால் 'டு' உண்டு, 'மேட்' வந்தால் கிடையாது.

எந்த அகராதி?

ஆங்கிலம்-தமிழ் அகராதி இந்தச் சொல்லுக்கு உதவாது என்பது என் கருத்து, வெறும் பொருள் பட்டியல்தான் கிடைக்கும். கற்பவர்களுக்கான லாங்மேன், கேம்பிரிட்ஜ் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் மேலே ஒரு குறிச்சொல் போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு தேடினால் சுலபம். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று அட்டை புரட்டும் செயலிகளில் 'கெட்' தனியாக வந்து நிற்கும். அடுத்த சொல் இல்லாத 'கெட்'டைப் படித்து என்ன பயன்?

பின்சேர்க்கை

'கெட்' வினையின் மூன்றாம் வடிவமாக 'காட்டன்' (gotten) என்பது சரியா என்று இதைப் படித்தவர்கள் கேட்டார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் சரி. அங்கே 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது, 'ஐ ஹேவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கியிருக்கிறேன். பிரிட்டிஷ் வழக்கில் பொதுவாக இரண்டுக்கும் 'காட்' தான்.

இன்னொரு சிக்கலும் வந்தது. 'ஐ காட் டு சீ ஹெர்' என்றால் அவளைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. நடுவில் 'ஹேவ்' சேர்த்து 'ஐ ஹேவ் காட் டு சீ ஹெர்' என்றால் பார்த்தே ஆக வேண்டும். பேச்சில் அந்த 'ஹேவ்' பல சமயம் விழுங்கப்பட்டுவிடும், 'காட் டு' என்பதும் 'காட்டா' ஆகிவிடும். காதில் 'காட்டா' என்று விழுந்தால் 'ஆக வேண்டும்' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.