டச் சென்சார் தானாகத் தட்டுகிறதா? எம்பிஆர்121-ஐ முறையாக அமைப்பது எப்படி

மாட்யூலை இணைத்து, லைப்ரரியோடு வரும் மாதிரி நிரலை ஓட்டினால் டச் சென்சார் உடனே வேலை செய்துவிடும். அதையே ஒரு பெட்டிக்குள் வைத்து, ஒயரை நீட்டி, மேலே அக்ரிலிக் மூடி போட்டதும் தொல்லை ஆரம்பிக்கும். அழுத்தித் தொட்டாலும் அசையாது. இல்லையென்றால் யாரும் தொடாமலே தட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலோர் உடனே த்ரெஷோல்டு எண்ணை, அதாவது அளவு எவ்வளவு மாறினால் தொட்டதாகக் கொள்ள வேண்டும் என்ற வரம்பை, ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். அது கடைசியாகக் கைவைக்க வேண்டிய எண். அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, அந்த வரிசையிலேயே போவோம்.

எடுத்துக்கொள்ளும் சிப் எம்பிஆர்121. 12 எலக்ட்ரோடுகள் (விரலை உணரும் உலோகத் தகடுகள்), ஐ2சி (இரண்டு ஒயரில் தகவல் போய்வரும் முறை) இணைப்பு. இதன் தரவுத்தாளில் ரெஜிஸ்டர் (அமைப்புகளும் அளவுகளும் இருக்கும் சிப்பின் உள் நினைவிடம்) எண்கள் பதினாறடிமான முறையில் இருக்கும். இங்கே எல்லாவற்றையும் சாதாரணப் பதின்ம எண்களாகத் தருகிறேன். நிரலில் அப்படியே போடலாம்.

படி 1: ஒயரும் எலக்ட்ரோடும்

சிப்புக்கு 3.6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. 5 வோல்ட் போர்டோடு இணைப்பதாக இருந்தால், உங்கள் மாட்யூலில் ரெகுலேட்டரும் லெவல் ஷிஃப்டரும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். முகவரி பின்னை கிரவுண்டில் கட்டினால் முகவரி 90. அதே பின்னை வேறு இடங்களில் கட்டி 91, 92, 93 என்று மாற்றலாம். ஆக ஒரே பஸ்ஸில் நான்கு சிப் வரை போடலாம்.

எலக்ட்ரோடு விரல் நுனி அளவுக்கு இருந்தால் போதும். ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எல்இடி ஒயரோடும் ஐ2சி ஒயரோடும் சேர்த்துக் கட்டாதீர்கள். மூடிக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கவே கூடாது, ஒட்டுநாடா போட்டு அழுந்த ஒட்டுங்கள். மெல்லிய காற்றுப் படலம்கூட விரலின் விளைவைப் பெருமளவு தின்றுவிடும். இங்கே விட்ட குறையை எந்த ரெஜிஸ்டராலும் ஈடுகட்ட முடியாது.

படி 2: முதலில் நிறுத்துங்கள்

ரெஜிஸ்டர் 128-இல் 99 எழுதினால் சிப் ரீசெட் ஆகும். பிறகு 94-இல் 0 எழுதுங்கள். இது நிறுத்த நிலை. சிப் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலான அமைப்பு ரெஜிஸ்டர்களில் எழுதுவது ஏறாது. 'எண்ணை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை' என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

படி 3: எண்ணைக் கண்ணால் பாருங்கள்

94-இல் 143 எழுதி 12 எலக்ட்ரோடுகளையும் ஓடவிடுங்கள். ரெஜிஸ்டர் 4-இலிருந்து ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் இரண்டு பைட்டாக வடிகட்டிய அளவு கிடைக்கும். முதலில் வருவது கீழ் பைட். ரெஜிஸ்டர் 30-இலிருந்து பேஸ்லைன், அதாவது யாரும் தொடாதபோது இருக்க வேண்டிய அளவு. பேஸ்லைனில் மேல் 8 பிட் மட்டுமே வருவதால் 4-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் சீரியல் திரையில் பக்கம் பக்கமாக அச்சிடுங்கள்.

தொட்டால் எண் குறையும். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். சிப் ஒரு நிலையான மின்னோட்டத்தைக் குறிப்பிட்ட நேரம் செலுத்தி, எலக்ட்ரோடில் எவ்வளவு வோல்ட் ஏறியது என்று அளக்கிறது. விரல் வந்ததும் மின்தேக்குத்திறன் கூடுகிறது. அதே மின்னூட்டத்துக்கு வோல்ட் குறைகிறது.

படி 4: சார்ஜ் அளவு

உணர்திறனைத் தீர்மானிப்பது இந்தப் படிதான். ஒயரையும் சேர்த்து உங்கள் எலக்ட்ரோடு 20 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ரீசெட் ஆனதும் சிப்பில் இருப்பது 16 மைக்ரோஆம்பியர், 0.5 மைக்ரோவினாடி. பெருக்கி 20-ஆல் வகுத்தால் 0.4 வோல்ட். 3.3 வோல்ட் சப்ளையில் 10 பிட் அளவீட்டில் இது சுமார் 124. விரல் 1 பிக்கோஃபாரட் கூட்டினால் 118 ஆகும், வித்தியாசம் வெறும் 6. இரைச்சலே இரண்டு மூன்று எண் ஆடும்போது இந்த ஆறை வைத்து என்ன செய்வது?

இப்போது 48 மைக்ரோஆம்பியர், 1 மைக்ரோவினாடி என்று மாற்றுங்கள். 2.4 வோல்ட் ஏறும், அதாவது சுமார் 745. அதே விரலுக்கு இப்போது 35 எண் இறங்கும். இதற்கு 94-இல் மறுபடி 0 எழுதி நிறுத்திவிட்டு, ரெஜிஸ்டர் 92-இல் 48, 93-இல் 66 எழுத வேண்டும். அதற்காக ஒரேயடியாக ஏற்றிவிடவும் கூடாது: எலக்ட்ரோடு வோல்ட் 0.7-க்கும், சப்ளையில் 0.7 கழித்தால் வருவதற்கும் இடையே இருக்க வேண்டும். 3.3-க்கு மேல் எல்லை 2.6.

ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் ஒயர் நீளம் வேறாக இருந்தால் கையால் கணக்குப் போட வேண்டாம், சிப்பே சார்ஜ் அளவைத் தேர்ந்துகொள்ளும் ஆட்டோ கான்ஃபிகரேஷனை இயக்குங்கள். 3.3 வோல்ட்டுக்கு 125-இல் 202, 126-இல் 131, 127-இல் 181, பிறகு 123-இல் 11. ஓடவிட்டதும் ரெஜிஸ்டர் 2, 3 இரண்டையும் படியுங்கள். அங்கே ஒரு பிட் 1 என்று நின்றால் அந்த எலக்ட்ரோடு எல்லைக்குள் அடங்கவில்லை என்று பொருள். ஒயரைச் சோதியுங்கள்.

படி 5: வேகமும் வடிகட்டலும்

93-இன் இயல்பு மதிப்பு 36. அதில் 16 மில்லிவினாடிக்கு ஒருமுறை அளந்து, நான்கு அளவுகளைச் சேர்த்து முடிவெடுக்கும், அதாவது 64 மில்லிவினாடி. பியானோ போன்ற கருவிக்கு இது மந்தம். மேலே சொன்ன 66 இடைவெளியை 4 மில்லிவினாடியாக்கி, மொத்தத்தை 16 மில்லிவினாடிக்குக் கொண்டுவருகிறது. 91-இல் 17 எழுதினால், தொடும்போதும் விடும்போதும் இன்னொரு முறை உறுதிசெய்துகொண்டுதான் அறிவிக்கும். ஒற்றைத் துடிப்பு இரைச்சலுக்கு இது போதும்.

படி 6: இப்போதுதான் த்ரெஷோல்டு

மூடியைப் போட்டு, சாதனம் முழுமையாகக் கோத்த நிலையில் அளக்க வேண்டும். தொடாமல் சிறிது நேரம் விட்டு எண் எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆகச் சின்ன விரலால் ஆக மெதுவாகத் தொட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இறக்கம் 35, ஆட்டம் 3 என்றால் தொடு வரம்பு 16, விடு வரம்பு 10 என்று தொடங்கலாம். விடு வரம்பு எப்போதும் குறைவாகவே இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் விரல் எல்லையில் நிற்கும்போது தொட்டது, விட்டது என்று மாறி மாறிச் சொல்லும். முதல் எலக்ட்ரோடுக்கு 65-இல் தொடு வரம்பு, 66-இல் விடு வரம்பு. அடுத்ததற்கு 67, 68 என்று 88 வரை போகும்.

இறக்கம் ஆட்டத்தைவிட ஐந்து மடங்காவது இல்லையென்றால் த்ரெஷோல்டோடு மல்லுக்கட்டாமல் படி 1-க்கும் 4-க்கும் திரும்புங்கள்.

படி 7: பேஸ்லைன் நகர்வு

வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் எண்ணும் மெல்ல நகரும். சிப் பேஸ்லைனை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளும். மேலேறும்போது வேகமாகவும் கீழிறங்கும்போது மெதுவாகவும் நகர வேண்டும். இறக்கம் வேகமாக இருந்தால், மெல்ல நெருங்கும் விரலையும் வானிலை என்று நினைத்துப் பேஸ்லைன் கூடவே இறங்கிவிடும். மேலேறுவதற்கு 43 முதல் 46 வரை 1, 1, 0, 0. கீழிறங்குவதற்கு 47 முதல் 50 வரை 1, 1, 255, 2 என்று போடுங்கள். மேலேறுவது வேகமாக இருப்பதில் இன்னொரு லாபம்: விரல் வைத்தபடியே மின்சாரம் போட்டாலும், விரலை எடுத்ததும் பேஸ்லைன் சீக்கிரம் சரியாகிவிடும். நீண்ட நேரம் அழுத்தும்போது தானாக விடுபடாமல் இருக்க 51, 52, 53 மூன்றிலும் 0.

எல்லாம் எழுதிய பிறகு, கடைசியாக 94-இல் மீண்டும் 143. தொடு நிலை மாறியதை அறிவிக்கும் ஐஆர்க்யூ பின் கீழே இறங்கும்போது மட்டும் ரெஜிஸ்டர் 0, 1 இரண்டையும் படித்தால் போதும், ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சோதிக்கும்போது லேப்டாப் யுஎஸ்பியில் மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். சாதனம் எந்த அடாப்டரில் ஓடப்போகிறதோ அதில் மாட்டி, படி 6-இன் ஆட்டத்தை மறுபடி அளங்கள், இந்த முறை விரலை வைத்தபடியே. மலிவான அடாப்டர்களின் இரைச்சல் பெரும்பாலும் தொடும்போதுதான் தலைகாட்டும். லேப்டாப்பில் 3 ஆடிய எண் அங்கே 12 ஆடினால், அடாப்டரை மாற்றுவதா, 93-இல் 66-க்குப் பதில் 82 போட்டு 10 அளவுகளைச் சேர்க்கச் சொல்லி 40 மில்லிவினாடி தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதா என்பது உங்கள் தேர்வு. நான் அடாப்டரை மாற்றுவேன்.