உள்ளங்காலில் சிறுநீரகம் இல்லை: ரிஃப்ளெக்ஸாலஜியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை நன்றாகப் பிடித்துவிட்டால் உடம்பு லேசாகிறது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தச் சுகத்துக்குக் காரணம் சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல். உள்ளங்காலின் ஒவ்வோர் இடமும் உடம்பின் ஓர் உறுப்போடு தொடர்புடையது, அங்கே அழுத்தினால் அந்த உறுப்பு சீராகும் என்கிற முறைதான் ரிஃப்ளெக்ஸாலஜி. இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே கிளம்புகின்றன.

முதல் தவறு, வயதைக் கூட்டிச் சொல்வது. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை என்பதற்குச் சாட்சியாக எகிப்தின் சக்காராவில் உள்ள ஒரு கல்லறையைக் காட்டுவார்கள். அங்க்மாஹோர் என்ற உயர் அதிகாரியின் கல்லறை அது. காலம் ஏறக்குறைய கி.மு. 2300. சுவர்ச் சிற்பத்தில் சிலருடைய கையையும் காலையும் வேறு சிலர் பிடித்து ஏதோ செய்கிறார்கள். மசாஜாக இருக்கலாம், நகம் திருத்துவதாகவும் இருக்கலாம். உள்ளங்காலில் இன்ன இடம் இன்ன உறுப்பு என்ற கணக்கு அதில் இல்லை.

அந்தக் கணக்கு பிறந்தது 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில். காது மூக்கு தொண்டை மருத்துவரான வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு, உடம்பைத் தலை முதல் கால் வரை பத்து நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்தார். ஒரு பட்டையில் ஓரிடத்தை அழுத்தினால் அதே பட்டையில் வேறோர் இடத்தில் வலி குறையும் என்றார். விரல்களில் ரப்பர் பேண்டும் துணி கிளிப்பும் மாட்டிப் பார்த்தவர் அவர். 1917இல் இதைப் பற்றிப் புத்தகமும் வந்தது. 1930களில் யூனிஸ் இங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட் இதைக் காலுக்குக் கொண்டுவந்து, இன்று சுவரில் தொங்கும் பாதப் படங்களுக்கு அடித்தளம் போட்டார். அக்குபஞ்சரோடு இதைப் போட்டுக் குழப்புவதும் உண்டு. அது வேறு கோட்பாடு; அது சொல்லும் ஆற்றல் பாதைகள் உடம்பு முழுக்க ஓடுகின்றன, பாதத்தில் ஒரு வரைபடம் என்ற கதையே அங்கே இல்லை.

அடுத்தது, அந்தப் படத்தை உடற்கூறு என்று நினைப்பது. கட்டைவிரல் தலை, பாதத்தின் உட்புற விளிம்பு முதுகெலும்பு, இதயம் இடது காலில், கல்லீரல் வலது காலில், குதிகால் இடுப்பு. பார்க்கக் கச்சிதமாக இருப்பதால் நம்பத் தோன்றுகிறது. ஆனால் உள்ளங்காலின் உணர்வு கீழ்க்காலின் நரம்பு வழியாக இடுப்பு நரம்பில் சேர்ந்து, தண்டுவடத்தின் அடிப்பகுதிக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. சிறுநீரகத்துக்கோ கணையத்துக்கோ தனி லைன் எதுவும் கிடையாது. தவிர, படத்துக்குப் படம் புள்ளிகள் மாறுகின்றன. சோதிப்பவருக்கு நோயாளியின் விவரம் தெரியாதபடி வைத்து 2000இல் ஓர் ஆய்வு நடந்தது. காலைத் தொட்டு நோயைச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, வலியை வைத்து நோய் கண்டுபிடிப்பது. பிடித்துவிடுபவரின் கைக் கட்டைவிரல் கணு பாதத்தின் நடுக்குழியில் அழுந்துகிறது, நீங்கள் 'ஆ' என்கிறீர்கள், உடனே "கிட்னியைக் கொஞ்சம் கவனிங்க" என்று பதில் வருகிறது. அந்த இடத்தில் தோலுக்கு அடியில் இழுத்துக் கட்டிய தடித்த தசைநார்ப் பட்டை இருக்கிறது. நாள் முழுக்க நின்றாலோ செருப்பு சரியில்லை என்றாலோ அது வலிக்கத்தான் செய்யும். மணல்போல நெறுநெறுக்கிறதே, அது உறைந்த யூரிக் அமிலம், அழுத்திக் கரைக்கிறோம் என்பார்கள். கௌட் என்ற கீல்வாதத்தில் யூரிக் அமிலப் படிகம் சேர்வது முக்கியமாக மூட்டுகளில். விரலால் தேய்த்துக் கரைக்கிற சமாச்சாரம் அல்ல. இதில் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. நல்ல கிட்னி உள்ளவர் பயந்துபோய் டெஸ்டுக்கு அலைவார். நிஜமாகவே பழுதானவர், "அந்தப் புள்ளி வலிக்கவே இல்லையே" என்று நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுவார்.

வலிக்க வலிக்க அழுத்தினால்தான் பலன் என்பதும் தப்பு. மறுநாள் கன்றிப்போனால் அது கன்றல்தான், நச்சு வெளியேறிய அடையாளம் அல்ல. சிகிச்சைக்குப் பின் சிறுநீர் அதிகம் போனால் முதல் காரணம், அவர்கள் குடிக்கச் சொன்ன தண்ணீர்!

சரி, பலனே இல்லையா? மன இறுக்கம் தளர்கிறது, பலருக்குத் தூக்கம் வருகிறது. 2012இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் மூச்சுத்திணறல் குறைந்தது, அன்றாட வேலைகள் கொஞ்சம் எளிதாயின. வலியிலும் குமட்டலிலும் மாற்றம் இல்லை. சுவாரசியம் என்னவென்றால், சாதாரணமாகக் காலைப் பிடித்துவிட்ட குழுவில் சோர்வு குறைந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மாற்று மருத்துவ முறைகளை ஆராய்ந்த எட்சார்ட் எர்ன்ஸ்ட் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. எந்த நோய்க்கும் உறுதியான பலன் நிரூபணமாகவில்லை என்றது. ஆஸ்திரேலியாவில் 2019இலிருந்து தனியார் மருத்துவக் காப்பீட்டின் சிகிச்சைச் சலுகையிலிருந்து இது நீக்கப்பட்டது. ஆக, சுகத்துக்காகப் போங்கள். சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்துவதற்காகப் போகாதீர்கள்.

யாரிடமும் சொல்லாமல் போய்ப் படுப்பது கடைசித் தவறு. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு அழுத்தம் எல்லை மீறியது தெரியாது. சின்னக் காயம் புண்ணாகிவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிசையவே கூடாது, நேரே டாக்டரிடம் போக வேண்டும். எலும்பு முறிவு, ஆறாத புண், கீல்வாதம் வீங்கியிருக்கும் நாட்கள் எல்லாம் இந்த வகைதான். கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் முதலில் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, அப்புறம் காலைப் பிடிப்பவரிடமும் சொல்லிவிட வேண்டும்.